தேதி இல்லாதவர்கள்

சங்கரநயினாருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய ஆசிரியை ஜுலைகாவுக்கு முப்பத்திரண்டு.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ரத்ததானச் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு அறை, இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். ரத்தம் கொடுக்கச் சம்மதித்த பதினோராயிரம் பேரின் விவரம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. யாராவது ரத்தம் கேட்டு போன் செய்தால் பொருத்தமான ஆளைத் தேடிப்பிடித்து அனுப்ப வேண்டும். சங்கரநயினார் அதைச் செய்தார். சம்பளம் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் மாநகராட்சியில் குடிநீர் வால்வு திறந்து மூடியவர். ஓய்வு பெற்ற மறு வாரமே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஜுலைகா மேலப்பாளையத்துக்காரி. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு டேட்டாபேஸ் வேலை பார்த்தாள். சனிக்கிழமை காலையில் மட்டும் சங்கத்துக்கு வருவாள். எக்செல்லில் இருந்த பட்டியலை டேட்டாபேஸுக்கு மாற்றிக்கொடுத்தது அவள்தான்.

"இனிமே ஆளத் தேடுதது எப்படி?" என்று அன்று அவர் கேட்டார்.

"கேக்கணும் அண்ணாச்சி. அதுக்குப் புரியுத பாஷையில கேட்டா பதில் சொல்லும்."

"அந்தப் பாஷைய எனக்குச் சொல்லிக்கொடுப்பீங்களா?"

"கொடுக்கேன். ஆனா என்னை நீங்கன்னு சொல்லக்கூடாது. உங்க மக வயசு எனக்கு."

"பாடம் சொல்லுதவங்கள நீன்னு கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்ல, வாத்தியாரம்மா."

அந்தப் பெயர் அன்றே நிலைத்துவிட்டது.

அவள் அவருக்கு ஒரு திரையைத் திறந்து காட்டினாள். மேலே எழுதுவதற்கு வெள்ளை இடம். கீழே பதில் வந்து விழும் கட்டங்கள். நடுவில் ஒரு பச்சை முக்கோணப் பொத்தான். கேள்வியை எழுதி அந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும்.

அவர் ஒற்றை விரலால் கால் மணி நேரம் தட்டினார். பொத்தானை அழுத்தினார். சிவப்பாக ஏதோ வந்தது. சட்டென்று மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடிவிட்டார்.

"என்ன சொல்லுச்சு?" என்றாள் ஜுலைகா.

"தப்புன்னு சொல்லுச்சு."

"என்ன தப்புன்னு?"

"அத வாசிக்கல."

"ஏன் வாசிக்கல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "செவப்பா இருந்துச்சு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "திரும்ப ஓட்டுங்க. இந்தத் தடவ மூடாதீங்க. சத்தமா வாசிங்க."

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். மூன்றாவது வரியில், ஃப்ரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தவறு என்று இருந்தது. அவர் அந்தச் சொல்லை மூன்று முறை சரிபார்த்தார். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார். மறுபடியும் சிவப்பு.

"ஃப்ரம் சரியாத்தானே இருக்கு, வாத்தியாரம்மா. இது பொய் சொல்லுது."

"தெருவுல தண்ணி வரலைன்னு ஒரு வீட்டுல இருந்து உங்களுக்கு போன் வரும்லா. கோளாறு அந்த வீட்டுலயேவா இருக்கும்?"

சங்கரநயினாரின் கண் ஒரு வரி மேலே ஏறியது. இரண்டாவது வரியின் கடைசியில், யாருக்கும் வேண்டாத ஒரு காற்புள்ளி இருந்தது. அதை அழித்தார். கட்டங்களில் பெயர்கள் வந்து நிறைந்தன.

அன்றிலிருந்து சிவப்பைக் கண்டால் அவர் மூடுவதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிப்படியில் தலையை நீட்டி, "அண்ணாச்சி இங்கிலீஷ்ல யாரையோ ஏசுதாரு" என்பார்.

நாலு மாதத்தில் அவர் தன்னந்தனியாக ஒரு கேள்வியை எழுதி முடித்தார். இன்ன ரத்த வகை, இன்ன மாவட்டம், கடைசியாக ரத்தம் கொடுத்து நாலு மாதம் தாண்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனி வரியில் எழுதியிருந்தார். ஜுலைகா வாசித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

அவர் அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம், போன் வந்தபோதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் ஓட்டினார். ரத்த வகையையும் ஊரையும் மட்டும் மாற்றுவார். ஒருமுறைகூடச் சிவப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது. பேசியவன் பெயர் ஜெபசிங். அவனுடைய தங்கைக்கு எட்டு மாதம். விடியற்காலையிலிருந்து ரத்தப்போக்கு. ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும்.

"என்ன குரூப்பு தம்பி?"

"பாம்பே குரூப்பாம் ஐயா. இப்பத்தான் சொல்லுதாங்க. இவ்வளவு நாளும் ஓ குரூப்புன்னு நெனச்சிட்டு இருந்தோம்."

சங்கரநயினாருக்கு அந்தப் பெயர் தெரியும். பார்வைக்கு ஓ வகை போலத் தெரியும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு ஏற்காது. அதே வகைதான் வேண்டும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம்.

"ஒரு யூனிட் கையில இருந்தா ஆரம்பிச்சிருவோம்னு டாக்டர் சொல்லுதாங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"அஞ்சு நிமிஷம் கொடுங்க தம்பி. நானே கூப்பிடுதேன்."

அவர் கேள்வியைத் திறந்தார். ரத்த வகையை மாற்றினார். ஓட்டினார்.

கீழே ஒரு பச்சைக் குறி. அதற்குப் பக்கத்தில் பூஜ்யம்.

மாவட்டத்தை எடுத்துவிட்டு, எல்லா ஊரிலும் தேடச் சொல்லி ஓட்டினார். பச்சைக் குறி. பூஜ்யம். எழுத்துகளைச் சரிபார்த்து மறுபடியும் ஓட்டினார். அதே பூஜ்யம்.

ஜுலைகா படியேறி வந்தபோது அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

அவர் விஷயத்தைச் சொன்னார். "அந்தப் பையனுக்கு நான் இல்லன்னு சொல்லணும். சொல்ல வாய் வரல."

"இல்லன்னு யார் சொன்னா?"

"இதுதான்." திரையைக் காட்டினார். "செவப்பா ஒண்ணுமே வரல. எல்லாம் பச்சை."

"பச்சைன்னா என்ன அர்த்தம்?"

"சரின்னு அர்த்தம்."

"எது சரி?"

அவர் அந்தப் பச்சைக் குறியைத் திரும்பப் பார்த்தார்.

ஜுலைகா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீங்க எழுதுன வாக்கியம் சரின்னு சொல்லுது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஒரு தெருவுல சுத்தமா தண்ணி இல்ல. குழாய் எங்கயும் உடையல. என்ன செய்வீங்க?"

"தொட்டியில இருந்து ஒவ்வொரு வால்வா பாத்துக்கிட்டு வருவேன். எதுவரைக்கும் தண்ணி வருது, எதுக்குப் பொறவு வரலன்னு."

"அப்ப வாங்க."

அவர் புரிந்துகொண்டார். நிபந்தனைகளுக்கு மேலே இருந்த வரிகளை மட்டும் மவுஸால் இழுத்து நீலமாக்கினார். அவற்றை மட்டும் ஓட்டினார்.

"பதினோராயிரத்து இருநூத்தி அறுபத்து நாலு."

"தொட்டி நிறைஞ்சிருக்கு. அடுத்து."

ரத்த வகை இருந்த வரியையும் சேர்த்து நீலமாக்கினார். ஓட்டினார்.

"மூணு! வாத்தியாரம்மா, மூணு பேர் இருக்காங்க!"

"அடுத்து."

தேதி இருந்த வரியையும் சேர்த்தார். பூஜ்யம்.

"இங்கனதான்" என்றார். ஒரு வரி பின்னால் வந்து அந்த மூன்று பேரையும் திரும்ப வரவழைத்தார். "மூணு பேரும் நாலு மாசத்துக்குள்ள கொடுத்திருக்காங்களோ?"

"தேதியப் பாருங்க."

முதல் ஆள் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கொடுத்திருந்தார். அவரை அழைக்க முடியாது. மற்ற இருவருக்கும் தேதிக் கட்டத்தில் தேதி இல்லை. சாம்பல் நிறத்தில், சாய்ந்த எழுத்தில், நல் என்று மட்டும் இருந்தது. எதுவும் எழுதப்படாத கட்டத்தில் கம்ப்யூட்டர் தானாகக் காட்டும் சொல் அது.

"இவங்க ஒரு தடவகூடக் கொடுத்ததில்ல. அதனாலதான் தேதி இல்ல." அவர் குரல் உயர்ந்தது. "கொடுக்காதவங்கன்னா தாராளமா கூப்பிடலாமே! ஏன் இது விட்டுச்சு?"

"மொதல்ல போன். பாடம் பொறவு."

அந்த இருவரில் ஒருவரின் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண் கனகவல்லி என்ற பெண்ணுடையது. ஊர் கயத்தாறு. ஆறு முறை மணி அடித்தது. ஏழாவதில் எடுத்தாள்.

"கனகவல்லியா? ரத்ததானச் சங்கத்துல இருந்து பேசுதேன்மா."

மறுமுனையில் பால் கேன்கள் இடிபடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள்.

"இந்த போனுக்காகத்தான் சார் நாலு வருஷமா நம்பர மாத்தாம வச்சிருக்கேன்."

சங்கரநயினார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"முகாமுல டெஸ்ட் பண்ணிட்டு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. உன் ரத்தம் அபூர்வம், இப்ப கொடுக்காத, தேவைப்படும்போது கூப்பிடுவாங்கன்னு. கூப்பிடவே இல்ல. என் பேரு விட்டுப்போச்சுபோலன்னு நெனச்சிக்கிட்டேன்."

"விட்டுப்போகலம்மா. இங்கதான் இருக்கு. நாகர்கோவில்ல ஒரு பிள்ளைத்தாச்சிக்கு…"

"எப்ப வரணும் சார்?"

அவள் அங்கே ஒரு பால் சொசைட்டியில் வேலை பார்த்தாள். பால் ஊற்ற வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, புருஷனின் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். திருநெல்வேலியில் ஜெபசிங்கின் நண்பன் காரோடு காத்திருந்தான். சங்கரநயினார் இரண்டு பக்கமும் மாறி மாறி போன் பேசினார். காலையில் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டார். வழியில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நாங்குநேரி தாண்டியாயிற்றா என்று கேட்டார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். ஜுலைகா அவர் கையிலிருந்து போனை வாங்கி மேஜையில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள்.

இரண்டு மணிக்கு ரத்தம் பொருந்துகிறது என்று தகவல் வந்தது. நாலேகாலுக்கு ஜெபசிங் கூப்பிட்டான். அழுதுகொண்டே பேசியதால் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பொம்பளைப் பிள்ளை. தாயும் நலம். கனகவல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கிறாள்.

சங்கரநயினார் போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. மதினி சோத்தை வச்சிக்கிட்டுக் காத்திருப்பாங்க."

"நீங்களும் இன்னும் சாப்பிடலியே" என்றார் அவர்.

அந்த வாரம் முழுவதும் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, ஜுலைகா வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் விட்டுச்சு?" என்று கேட்டார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

ஜுலைகா தன் டிபன் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். மூடி இறுக்கமாக மூடியிருந்தது.

"இதுல எத்தன இடியாப்பம் இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நாலுக்கு மேல இருக்குமா?"

"தெரியாது."

"நாலுக்குக் கீழயா?"

"தெரியாதுங்கேன்ல."

"சரி. நாலுக்கு மேல உள்ள டப்பாவ எல்லாம் வலது பக்கம் எடுத்து வைங்கன்னு ஒருத்தர் சொல்லுதாரு. இத வைப்பீங்களா?"

"எப்படி வைக்க? எனக்குத்தான் தெரியாதே."

"நாலு, இல்ல நாலுக்குக் கீழ உள்ளத இடது பக்கம் வைங்கன்னா?"

"அதுலயும் வைக்க முடியாது."

"அப்ப இது?"

அவர் டப்பாவைப் பார்த்தார். மேஜையின் நடுவில் அது தனியாக இருந்தது.

"எதுலயும் சேராம நடுவுலயே கெடக்கும்" என்றார் மெதுவாக. பிறகு, "நாலு மாசத்துக்கு முந்தின தேதியான்னு கேட்டேன். தேதியே இல்லாதவங்கள அதுக்கு எப்படிச் சொல்லத் தெரியும். அது பேர்ல தப்பில்ல" என்றார்.

"உங்க பேர்லயும் இல்ல. நானும் அத வாசிச்சேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

"தேதி காலியா இருந்தாலும் எடுன்னு ஒரு வரி சேருங்க" என்றாள் ஜுலைகா.

அவர் சேர்த்தார். ஓ பாசிட்டிவ் வகையை வைத்துச் சோதனைக்கு ஓட்டினார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஓ மட்டுமல்ல. ஏ இருந்தது, பி இருந்தது, ஏபி இருந்தது. எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

"தேதி வரி ரெண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள்ள போடல அண்ணாச்சி. கடைசியா சேர்த்த வரி தனியா நின்னுட்டு. அதான் வகை, ஊரு ஒண்ணும் பாக்காம, தேதி இல்லாதவங்க எல்லாரையும் அள்ளிட்டு வந்துட்டு."

அவர் அடைப்புக்குறி போடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலை மெல்லக் கீழே உருட்டினார். ஓ வகைக்காரர்களுக்கு நடுவே வந்த மற்ற வகைக்காரர்கள் எல்லாருக்கும் தேதிக் கட்டம் சாம்பல் நிறமாகவே இருந்தது.

"எத்தன பேரு இவங்க?"

அவள் தனியாக ஒரு கேள்வியை ஓட்டி எண்ணிக் காட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர்.

"முகாமுல வந்து பேரக் கொடுத்துட்டு, கூப்பிடுவாங்கன்னு போனவங்க."

"ஆமா அண்ணாச்சி."

"ஒரு வருஷமா இதுல ஒருத்தரக்கூட நான் கூப்பிடல."

"ஆமா."

"ஆள் இல்லன்னு எத்தன பேருகிட்டச் சொன்னேன்."

ஜுலைகா தன் நாற்காலியை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். புதிதாக ஒரு வெள்ளை இடத்தைத் திறந்து மளமளவென்று தட்டினார். இப்போது இரண்டு கைகளாலும் தட்டப் பழகியிருந்தார்.

"வாத்தியாரம்மா, ஒரே வரி. காலியா இருக்குத எல்லாக் கட்டத்துலயும் ஒரு பழைய தேதியப் போட்டுருதேன். ரெண்டாயிரம், ஜனவரி ஒண்ணு. இனிமே காலிங்கதே கிடையாது. யாரும் எதுலயும் விட்டுப்போக மாட்டாங்க. சரியா எழுதியிருக்கேனா பாருங்க."

ஜுலைகா குனிந்து வாசித்தாள். "வாக்கியம் சரியா இருக்கு" என்றாள்.

அவர் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது. அவள் தடுக்கவில்லை.

"பட்டியல்ல முதல் ஆளு யாரு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் திரையில் பட்டியலுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். "அந்தோணி ராஜகனி. வள்ளியூர்."

"அவரு ரெண்டாயிரத்துல ரத்தம் கொடுத்தாரா?"

சங்கரநயினார் பிறந்த தேதியைப் பார்த்தார். அவரையும் மீறிச் சிரிப்பு வந்தது. "பய பிறந்ததே ரெண்டாயிரத்து மூணுல."

"ம்."

அவர் விரலை எடுத்தார். எழுதிய வரியைப் பார்த்தார். அந்தோணி ராஜகனியின் சாம்பல் கட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப இவனுக்கு நான் என்ன தேதிதான் போட?"

ஜுலைகா மேஜையின் அந்தப் பக்கத்தில் இருந்த போனை எடுத்து, துப்பட்டா நுனியால் ஒருமுறை துடைத்து, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள். "அவருகிட்ட கேளுங்க."